பூஜை நாளில் சுற்றிய புத்தக ராட்டினம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. நடந்த தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, அதை அனுபவித்தவளின் இடது புறங்கையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. நம்பாதவர்கள் நல்லம்பள்ளிப் பக்கம் வந்து விசாரித்துக்கொள்ளலாம். கடைசியில் என்ன ஆயிற்று என்று மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது. அவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டு வருகிறவள், அந்த இடம் வந்ததும் எழுந்து போய்விடுகிறாள்.

பேய் என்றால் நடுராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்று நினைக்கிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. வெளியே பெரிய ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

அவள் பெயர் மோனிஷா. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில், சேலம் ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பெண்பிள்ளைகள் இரண்டே பேர். இவள் ஒருத்தி, கோகிலவாணி இன்னொருத்தி. இவர்களோடு அருள்குமார் என்ற பையனும் சேர்ந்து ஒரு புராஜக்ட் குழு.

அந்த வருடம் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். பழங்காலத்தில் அச்சடிக்கவும் படிக்கவும் பயன்பட்ட கருவி ஒன்றை, ஓடுகிற நிலையில் செய்து காட்ட வேண்டும். முந்தின வருடத்து சீனியர்கள் மரத்தில் கை அச்சு இயந்திரம் செய்து, அதிலேயே கல்லூரி நோட்டீஸ் அடித்துக் காட்டிப் பேர் வாங்கியிருந்தார்கள். மோனிஷா குழு எடுத்துக்கொண்டது அதைவிடப் பெரிய வேலை. நானூறு வருடங்களுக்கு முன்னால் இத்தாலி நாட்டு இஞ்சினியர் ஒருவர் வரைந்து வைத்த புத்தகச் சக்கரம்.

திருவிழாவில் மேலும் கீழுமாகச் சுற்றும் ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டில்களுக்குப் பதில் எட்டுச் சாய்வுப் பலகைகள். பலகைக்கு ஒரு புத்தகம். ஆறடி உயரம். முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் தள்ளினால், அடுத்த புத்தகம் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். உள்ளே இருக்கிற மரப் பல்சக்கரங்கள் எந்தப் பலகையையும் கவிழ விடாது. அவர்கள் அதை ‘ராட்டினம்’ என்றே சொன்னார்கள்.

தேர்வாகிற குழுவில் ஆளுக்கொரு சீட், சேலத்தில் ஒரு இஞ்சினியரிங் கல்லூரி இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் அது ஒரு நல்ல வாய்ப்பு. மோனிஷாவுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

அவளுடைய அப்பா சவரிமுத்து கொத்தனார். அதிகம் பேசமாட்டார். சொன்னால் மாற்றமாட்டார்.

“செலக்ட் ஆனியா, சேலத்துக்குப் போயிப் படி. நான் குறுக்க நிக்கல. ஆவலியா, ஓசூர்ல அத்தை மவன் காத்துக்கிட்டிருக்கான். தை மாசம் கோயில்ல ஓலை படிச்சுரலாம்.”

மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையைப் படித்துவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரிதான். அம்மா ஞானமேரி தலையைக் குனிந்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நடுவர்கள் வருவது அக்டோபர் ஆறாம் தேதி வியாழக்கிழமை. அதற்கு முன்னால் செவ்வாய் சரஸ்வதி பூஜை, புதன் விஜயதசமி. இரண்டு நாளும் லீவு. அதனால் கல்லூரியில் திங்கட்கிழமை சாயங்காலமே பூஜை போட்டுவிட்டார்கள்.

ராட்டினம் இருந்தது பின்பக்கத்துப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் செட்டில். கல்லூரி வருவதற்கு முன்னாலிருந்தே அங்கே இருக்கிற செட். தரையில் வட்ட வட்டமாக சிமெண்ட் பூசி அடைத்த இடங்கள் வரிசையாக இருக்கும். முன்பு என்ன இருந்தது என்று பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை. வாழைக்கன்று கட்டி, லேத் மெஷினிலிருந்து சுத்தியல் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ராட்டினத்துக்கும் வைத்தார்கள். ஏழு பலகைகளில் லைப்ரரியிலிருந்து கொண்டுவந்த தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. எட்டாவது பலகை காலியாக இருந்தது. சுகுணா மிஸ் தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அதில் வைத்தார். நாலாம் வகுப்புத் தமிழ்.

“எம்பொண்ணோடது. சரஸ்வதி முன்னாடி ரெண்டு நாள் இருக்கட்டும். அப்பவாச்சும் படிப்பு ஏறுதான்னு பாக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அட்டையில் குங்குமம் வைத்தார்கள். பூஜையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி வரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது. பொட்டு வைத்த கருவியைத் தொடக் கூடாது. அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

கற்பூரம் காட்டி முடித்ததும் துறைத் தலைவர், வந்திருந்தவர்களுக்குப் பெருமையாகக் காட்டுவதற்காக ராட்டினத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்.

கடக்.

எட்டாவது பலகையைத் தாங்கும் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்து விழுந்தது.

அவர் போன பிறகு மூன்று பேரும் வெளியே வந்து நின்றார்கள். அருள்குமார் முன்யோசனையாக இன்னொரு பல்சக்கரம் அறுத்து வைத்திருந்தான். ஆனால் மாட்டிப் பசை போட்டால் காய ஒரு பகல் ஒரு ராத்திரி ஆகும். அதன் பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாட்டியே ஆக வேண்டும்.

“பொட்டு வெச்ச சாமானைத் தொட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னைய வூட்டுல சேக்காது” என்றான் அருள்குமார்.

கோகிலவாணி மோனிஷாவைப் பார்த்தாள்.

“ஏண்டி மோனி, நீதான் சர்ச்சுக்குப் போறவளாச்சே. உனக்கு ஏது பூஜை, ஏது குத்தம்? நீ போயி மாட்டிட்டு வந்துரேன்.”

“சுண்டலு பொரி உங்களுக்கு. வேலை எனக்கா?”

“பொரியில உனக்கு ரெண்டு பங்கு. போதுமா?”

“உங்க சாமி கோவிச்சுக்கிட்டா?”

“எங்க சாமிக்கு எங்களைத்தான் தெரியும். உன்னைய அடையாளம் தெரியாது, போ.”

சிரித்துவிட்டுப் பிரிந்தார்கள். அந்த யோசனை மோனிஷாவுக்கும் சரியாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை. அக்டோபர் நான்கு. காலை 10:50.

கேட்டில் வாட்ச்மேன் மாது மட்டும் இருந்தார். சாவியைக் கொடுக்கும்போது ஒரு நிமிடம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கேதான் போவணுமா, பாப்பா?”

“பசை காயணும்ங்க.”

“பன்னெண்டுக்குள்ள வெளிய வந்துரு. நான் சாப்பிட வூட்டுக்குப் போவேன். கேட்டைப் பூட்டிட்டுத்தான் போவணும். ரெண்டு மணிக்குத்தான் வருவேன்.”

“முடிஞ்சா வந்துடறேன். இல்லன்னா நீங்க பூட்டிட்டுப் போங்க. நான் உள்ளயே இருக்கேன்.”

அவர் செட் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

செட்டைத் திறந்தபோது 11:05. கற்பூர வாசனையும் வாடின சாமந்தி வாசனையும் அடைத்துக்கொண்டு நின்றன. பூஜைக்காக மெயின் சுவிட்சை முந்தின நாளே இறக்கியிருந்தார்கள். ஃபேன் இல்லை, லைட் இல்லை. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஷீட். அது வழியாக வெயில் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் விழுந்திருந்தது. ராட்டினம் அந்த வெயிலுக்கு நடுவில் பொட்டும் பூவுமாக நின்றது.

மோனிஷா சிலுவை போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். பக்கப் பலகையைக் கழற்றினாள். உடைந்த பல்சக்கரத்தை உருவினாள். புதியது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க நேரம் போனதே தெரியவில்லை. பசை தடவி, அச்சில் ஏற்றி, இறுக்கி முடித்தபோது 11:52. இனிமேல் நாளை வரைக்கும் ராட்டினம் ஒரு விரல்கடை அளவுகூட நகரக் கூடாது. நகர்ந்தால் பசை விட்டுவிடும், பல்லெல்லாம் தப்பிவிடும். அதனால் சணல் கயிறு எடுத்து, சக்கரத்தைக் கால்சட்டத்தோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். நல்ல முடிச்சு. கொத்தனார் மகள் போட்ட முடிச்சு.

தூரத்தில் கேட் பூட்டுகிற சத்தம் கேட்டது. மாது போய்விட்டார்.

சரி, ரெண்டு மணி வரைக்கும் இங்கேதான் என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

எட்டாவது பலகை அவளுக்கு நேராக இருந்தது. அதிலிருந்த நாலாம் வகுப்புப் புத்தகம் திறந்திருந்தது.

நேற்று மூடி, அட்டையில் குங்குமம் வைத்த புத்தகம். கழற்றி மாட்டியதில் திறந்துகொண்டதோ என்னவோ. மூடி வைக்கலாம் என்று கையைக் கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள். பூஜைப் புத்தகம். நமக்கு எதற்கு?

முதல் பாடம். படத்தில் ஒரு மயில்.

12:04.

சர்ர்ர்...

காகிதம் உரசும் சத்தம். மோனிஷா நிமிர்ந்தாள். மயில் இல்லை. அந்த இடத்தில் கிணற்றுப் படம் இருந்தது.

காற்று என்று நினைத்தாள். ஜன்னல்களைப் பார்த்தாள். எல்லாம் சாத்தியபடியே இருந்தன. மற்ற ஏழு புத்தகங்களும் நடுவர்கள் பார்ப்பதற்காக முதலிலேயே விரித்து வைத்தவை. அவற்றில் ஒரு தாள்கூட அசையவில்லை.

12:09. சர்ர்ர்...

12:13. சர்ர்ர்...

காற்று புரட்டினால் தாள்கள் படபடவென்று போகும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு தாளாக, நிதானமாக. நடுவில் இடைவெளி விட்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருவருக்கு ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் விட்டு.

மோனிஷாவின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

அப்போது அந்த நாற்றம் வந்தது. கற்பூரத்தையும் பூவையும் தள்ளிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யாருக்கும் அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. பட்டுக்கூடு வேகிற நாற்றம். கொதிதண்ணீரில் புழு வேகிற நாற்றம்.

ஆனால் கல்லூரியைச் சுற்றி நடந்துபோகிற தூரத்தில் இப்போது பட்டு நூற்கிற இடம் எதுவும் இல்லை.

12:21. மறுபடியும் தாள் புரண்டது. இந்த முறை அவள் கண்ணெதிரே.

தாளின் கீழ்மூலை முதலில் நனைந்தது. சின்ன ஈரப் பொட்டு. அப்புறம் தாள் எழுந்தது. மடங்கியது. படிந்தது.

மோனிஷா குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அதே ஈரப் பொட்டு இருந்தது. விரல் நுனி பட்ட ஈரம். குழந்தை விரல் அளவு.

அதில் ரேகை இல்லை.

வழவழவென்று, கூழாங்கல்லை நனைத்து ஒற்றிய மாதிரி...

ஓடிவிடலாம் என்று எழுந்தாள். கதவு பத்தடி தூரம்தான். ஆனால் கால் நகரவில்லை. நகராததற்குப் பயம் பாதிக் காரணம். மீதிக் காரணம் அந்தப் பசை. உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் பசை. தை மாசம் படிக்கப் போகிற ஓலை.

புத்தகத்தை யாரோ படிக்கிறார்கள். படித்துவிட்டுப் போகட்டும். சக்கரத்தைத் தொடாத வரைக்கும்...

சுவரோடு ஒட்டி நின்றாள். வாய்க்குள் அருள்நிறை மரியே ஜெபம் சொன்னாள். பாதியில் வரி மறந்துபோயிற்று.

12:40. பாதிப் புத்தகம் தாண்டிவிட்டது.

தாள்கள் இப்போது வேகமாகப் புரண்டன. சர்ர்... சர்ர்... சர்ர்... படிக்கிறவருக்குப் பழகிவிட்டது போல.

12:58. கடைசிப் பக்கம்.

அமைதி.

பெரிய ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பாடா, முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

கயிறு அசைந்தது.

முடிச்சு தானாகத் தளர்ந்தது. ஒரு சுற்று அவிழ்ந்தது. இரண்டாவது. மூன்றாவது...

டக்.

ராட்டினம் ஒரு பலகை நகர்ந்தது. முதல் பலகை முன்னால் வந்தது. தடித்த ஆங்கிலப் புத்தகம். ஒரு தாள் எழுந்தது. அப்படியே விழுந்தது.

டக்.

அடுத்தது. அதுவும் ஆங்கிலம்.

டக். டக்.

தேடுகிறது.

நாலாம் வகுப்பு முடிந்துவிட்டது. அடுத்த புத்தகம் எங்கே என்று தேடுகிறது.

டக். டக். டக். டக்.

ஒரு சுற்று முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து. இப்போது வேகமாக. படிக்கிறவர் சுற்றுகிற மாதிரி இல்லை அது. நாளெல்லாம் சக்கரம் சுற்றிப் பழகின கை சுற்றுகிற மாதிரி. ஒரே சீராக. ஓயாமல்.

உள்ளே புதுப் பல்சக்கரம் கிரீச் என்றது.

மோனிஷா பாய்ந்தாள். சக்கரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். மார்போடு அணைத்து நிறுத்தினாள். அது நிற்கவில்லை. அவளையும் சேர்த்து இழுத்தது. செருப்பு தரையில் தேய்ந்தது.

எதிர்ப்பக்கத்தில் யாரோ பிடித்துத் தள்ளுகிறார்கள்.

அவளுடைய இடுப்பு உயரத்திலிருந்து...

கிரீச்... கிரீச்...

“வேண்டாம்... உடைஞ்சுரும்... பாப்பா, வேண்டாம்...”

பாப்பா என்று ஏன் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“இதுல இல்ல! அஞ்சாங்கிளாஸ் புக்கு இதுல இல்ல பாப்பா! நான் கொண்டாரேன்... நாளைக்குக் கொண்டாரேன்!”

ராட்டினம் நின்றது.

சட்டென்று. ஒரு அசைவும் இல்லாமல்.

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவளுடையது இல்லை.

அப்புறம் அவளுடைய இடது புறங்கையில் ஏதோ பட்டது. சின்னதாக. ஈரமாக. கொதிக்கக் கொதிக்க.

1:17.

இரண்டு மணிக்கு மாது வந்தபோது அவள் செட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கதவைப் பூட்டியிருந்தாள். அவர் கையைப் பார்த்தார். தோல் உரிந்து, வட்டமாகச் சிவந்திருந்தது.

“என்னா பாப்பா இது?”

“பசை பட்ருச்சுங்க.”

“பசை சுடுமா?”

அவள் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் செட்டைப் பூட்டுவார்கள், பூசாரியைக் கூப்பிடுவார்கள், வியாழக்கிழமை நடுவர்கள் வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வாயைத் திறந்தால் போவது அவளுடைய படிப்பு.

புதன்கிழமை அவள் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். கோகிலவாணியும் அருள்குமாரும் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு போன் செய்தார்கள். “மோனி, கலக்கிட்டடி! எண்ணெயில வுட்ட மாதிரி ஓடுது.”

வியாழக்கிழமை நடுவர்கள் வந்தார்கள். ராட்டினம் நாற்பது சுற்று சுற்றியது. ஒரு புத்தகம் விழவில்லை. அன்றே தேர்வு என்று சொல்லிவிட்டார்கள். சவரிமுத்து தன் பேச்சைக் காப்பாற்றினார். ஓசூர் அத்தைக்கு அவரே போன் போட்டு, “புள்ள படிக்குதாம்” என்றார்.

அன்றைக்கு மோனிஷாவின் பையில் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று இருந்தது. தர்மபுரியில் வாங்கி வந்திருந்தாள். ஆனால் செட் முழுக்க ஆள் கூட்டம். கூட்டம் கலைந்தபோது சாயங்காலம். தனியாக உள்ளே போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. சுகுணா மிஸ் தன் மகளின் புத்தகத்தை எடுத்து விரித்து, “யாருப்பா இது, எல்லாப் பக்கத்தையும் தண்ணியில நனைச்சது?” என்று கேட்டுக்கொண்டே பையில் போட்டார். மறுநாள் ராட்டினத்தைத் தூக்கிக்கொண்டு போய் முன்கட்டட ஹாலில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். இனிமேல் யாருக்காகக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

நாளாக ஆக அதெல்லாம் பயத்தில் வந்த பிரமை என்றே ஆகிவிட்டது. தழும்பு மட்டும் போகவில்லை.

அடுத்த வருடம் சேலத்தில் சேர்ந்தாள். ஹாஸ்டலில் கீழ்த்தளத்தில் அறை.

அக்டோபர் இருபத்து மூன்று, திங்கட்கிழமை. சரஸ்வதி பூஜை லீவு. ஹாஸ்டலில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மோனிஷாவுக்கு ஒரு பரீட்சை இருந்ததால் தங்கிவிட்டாள். மத்தியானம் 1:50க்கு போன் வந்தது.

காசியம்மாள். பாலிடெக்னிக்கில் கூட்டிப் பெருக்குகிற அம்மா. அங்கே படித்த மூன்று வருடமும் பார்த்தால் சிரிப்பதோடு சரி. போன் செய்ததே இல்லை.

“பாப்பா... போன வருஷம் இதே நாள்ல நீ செட்டுக்குள்ள போனியாமே. மாது இப்பத்தான் சொல்றான்.”



“ஆமாங்க.”

“அவகிட்ட ஏதாச்சும் சொல்லிட்டு வந்தியா?”

“யா... யாருகிட்டங்க?”



“எந்தங்கச்சி. முனியம்மா.”

காசியம்மாள் அழவில்லை. ரேஷன் கடையில் பேர் சொல்கிற மாதிரி சொன்னாள். கல்லூரி வருவதற்கு முன்னால் அந்த செட்டில் பட்டு நூற்றார்கள். தரை முழுக்க அடுப்பும் கொப்பரையும். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் அங்கேதான் வேலை. முனியம்மாளை நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிவந்தார்கள். காலையில் சக்கரம் சுற்றுவாள். மத்தியானம் கொதிதண்ணீரில் கைவிட்டு நூல் நுனி எடுப்பாள்.

“வெந்து வெந்து வெரல்ல ரேகையே இல்லாம போச்சு அவளுக்கு. வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் லீவு. ஆயுத பூஜை. அந்த ஒரு நாள்ல புக்கை எடுத்தா, இன்னிக்குப் படிக்கக் கூடாதுன்னு அடிப்பாங்க.”

மோனிஷா தன் இடது புறங்கைத் தழும்பைப் பார்த்தாள்.

“அஞ்சாங்கிளாஸ் புக்கு கேட்டுக்கிட்டே இருப்பா. மொதலாளி சொல்வாரு, நாளைக்கு. எங்கப்பன் சொல்வான், நாளைக்கு. வேலை நடக்கணுமில்ல. அந்தப் பூஜை அன்னிக்கு நானும் சொன்னேன், பாப்பா. இங்கயே இரு, நாளைக்குக் கொண்டாரேன்னு. சும்மா சொல்லிட்டுப் பொரி வாங்கப் போயிட்டேன். அவ உள்ளயே ஒக்காந்திருக்கா. தெரியாம வெளிய பூட்டிட்டாங்க. ஊரெல்லாம் தேடுனோம். ரெண்டு நாள் கழிச்சுத் தொறந்தப்ப... கொப்பரையில...”

மோனிஷா கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

“வருஷா வருஷம் இந்த நாள்ல நான் செட்டு வாசல்ல கற்பூரம் வெப்பேன். உள்ள சத்தம் கேக்கும். அவ்வளவுதான். நாப்பது வருஷமா அவ வாசப்படி தாண்டுனதில்ல.”

“இப்ப... என்னாச்சுங்க?”

“இன்னிக்குக் கதவு தொறந்து கெடக்குது. வெளிய ஈரக் காலு. சின்னக் காலு. செட்டுலருந்து கேட்டுக்கு, கேட்டுலருந்து ரோட்டுக்கு. இந்த வெயில்ல காயவே இல்ல, பாப்பா. பின்னாடியே போனேன். ரோட்டைத் தாண்டி, சேலம் பஸ்ஸு நிக்கிற எடம் வரைக்கும் இருக்குது. அதுக்கு மேல இல்ல.”

“எத்தனை மணிக்குப் பாத்தீங்க?”

“பன்னெண்டு அம்பது. அப்பத்தான் ஒரு பஸ்ஸு கெளம்பிப் போச்சு.”

போன் கட்டாகிவிட்டது.

நல்லம்பள்ளியிலிருந்து சேலம் ஹாஸ்டலுக்கு பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போக வேண்டியதில்லை. அந்த பஸ் ஹாஸ்டல் வாசலிலேயே நின்றுதான் போகும்.

மோனிஷா மணி பார்த்தாள்.

1:58.

அந்த பஸ் வர இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.